தண்ணி மோட்டார் ஃபைலும் அட்மின் சொன்ன பொய்யும்

1

அட்மின் அவர்களே, நீங்கள் பொய் சொல்கிறீர்கள்.

"நம்ம ஊட்டு சுவிட்ச்" ஃபோரத்துக்குப் பத்து வயது ஆகிவிட்டது என்று போன வாரம் ஒரு வாழ்த்துச் செய்தி போட்டீர்கள். கேக் படம், பலூன் படம், கை கூப்பும் பொம்மை எல்லாம் இருந்தது. அதன் மூன்றாவது வரியில், "இந்தப் பத்து வருடத்தில் நம் ஃபோரத்தின் எந்த ஃபைலாலும் யாருக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள்.

அதை முதலில் படித்தது நான் இல்லை. என் அக்கா வீட்டுக்காரர் தண்டபாணி மச்சான். திருப்பூரிலிருந்து வீடியோ காலில் வந்தார். செல்லுக்கு முன்னால் வலது கையை நீட்டி, ஆள்காட்டி விரலை ஆட்டினார். அந்த விரலில் நகம் இருக்க வேண்டிய இடத்தில் நகம் இல்லை. முதல் கணுவோடு முடிந்துவிடுகிறது.

"என்னங் மாப்ள, கீறலே உளுந்ததில்லீங்களாமா? அப்ப இது என்னங்? பென்சில் சீவறப்ப சேத்திச் சீவிட்டனா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த விரல் போனது என்னுடைய ஃபைலால். உங்கள் ஃபோரத்தில் இன்றைக்கும் முதல் பக்கத்தின் உச்சியில் பின் குத்தி வைத்திருக்கிறீர்களே, "தண்ணி மோட்டார்: முழு விளக்கம், எழுதியவர் சிவக்குமார்" என்று, அந்த ஃபைல். இது உங்களுக்குத் தெரியும். நானே எழுதினேன். நீங்களே அழித்தீர்கள்.

ஃபோரத்தில் எழுதினால் அழிக்கிறீர்கள் என்பதால் இங்கே, பத்திரிகையில் எழுதுகிறேன். அச்சடித்த காகிதத்தை உட்கார்ந்த இடத்திலிருந்து அழிக்க முடியாது.

2

படிக்கிறவர்களுக்கு என்னைப் பற்றிக் கொஞ்சம். திருப்பூரில் நிட்டிங் மிஷின்களுக்கு போர்டு பார்த்துக்கொண்டிருந்த எலக்ட்ரீசியன் நான். அனுப்பர்பாளையத்தில் வீடு. மிஷின் செய்கிற ஒரு கம்பெனி சர்வீஸ் வேலைக்குக் கூப்பிட்டது, வந்துவிட்டேன். தெற்கு ஜெர்மனியில் மலைக்கு நடுவே ஒரு சின்ன ஊர். வந்து பதிமூன்று வருஷம் ஆகிறது.

இந்த ஊரில் எலக்ட்ரீசியன் என்று வாயால் சொன்னால் செல்லாது. என் ஐ.டி.ஐ. சான்றிதழை ஜெர்மனில் மொழிபெயர்த்து, முத்திரை வாங்கி, ஓர் அலுவலகத்துக்கு அனுப்பினேன். ஏழு மாசம் கழித்துக் கடிதம் வந்தது. "ஒயர்மேன் என்பது பதவியா, பொருளா? விளக்கவும்." விளக்கினேன். இன்னும் ஐந்து மாசம். பிறகு, "நீங்கள் படித்த பள்ளியின் பாடத்திட்டத்தை அனுப்பவும்" என்று இன்னொரு கடிதம். என் வாத்தியாருக்கே பாடத்திட்டம் தெரியாது. ஆகவே இந்த நாட்டில் மற்றவர்களுடைய மிஷினைப் பிரித்து மாட்டலாம், என் வீட்டுச் சுவரில் ஒரு பிளக் பாயின்ட்டை மாற்றக்கூடாது.

அதனால்தான் இந்தப் பைத்தியம் பிடித்தது. சுவருக்குள் கை வைக்காமல் சுவருக்கு வெளியே என்னென்ன செய்யலாம் என்று ஆரம்பித்தேன். ஒட்டுகிற சுவிட்ச், கதவு திறந்தால் சொல்கிற சென்சார், ஆள் நடந்தால் எரிகிற விளக்கு. ஹீட்டரின் திருகைத் தானாகத் திருப்புகிற சின்ன மோட்டார். நாலு வருஷத்தில் மூன்று அறை வீட்டில் நாற்பத்தொரு சாமான். என் மனைவி கவிதா கழிப்பறையில் கொஞ்சம் நேரம் அசையாமல் உட்கார்ந்தால் விளக்கு அணைந்துவிடும். உள்ளேயிருந்து குரல் வரும்: "இந்த ஊட்ல ஆடிக்கிட்டே இருந்தாத்தான் வெளிச்சமா?"

கதவில் ஒரு கேமரா மணி மாட்டினேன். பதினோராம் நாள் கட்டட நிர்வாகத்திடமிருந்து கடிதம். உங்கள் கேமரா எதிர்வீட்டு வாசலையும் பார்க்கிறது, பதினான்கு நாட்களுக்குள் கழற்றவும். எதிர்வீட்டில் இருப்பது கெல்லர் அம்மா. எண்பது வயது. நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். "உங்கள் மீது கோபமில்லை, ஆனால் நான் எத்தனை மணிக்கு ரொட்டி வாங்கப் போகிறேன் என்பது என் விஷயம்" என்றார். திருப்பூர் காதர்பேட்டையில் பனியன் வாங்கப் போகிறவன் தலைக்கு மேல் நாற்பது கேமரா. எவன் கடிதம் போட்டான்? ஆனால் கழற்றிவிட்டேன். அவர் சொன்னதும் நியாயம்தான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். வந்த முதல் வருஷம், ஒரு நாள் வீட்டில் விளக்கு எரியவில்லை. கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிறவருக்குப் போன் செய்து, எனக்குத் தெரிந்த ஜெர்மனில், "கரண்ட் போய்விட்டது, எப்போது வரும்?" என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. மேலே வந்து, ஃபியூஸ் பெட்டியில் கீழே விழுந்திருந்த ஒன்றைத் தட்டிவிட்டு, "இங்கே கரண்ட் போகாது, வராது, இருக்கும்" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார். இந்தப் பதிமூன்று வருஷத்தில் எங்கள் தெருவில் கரண்ட் போனது இரண்டே முறை. அதில் ஒரு முறை பேப்பரில் செய்தியே வந்தது.

கரண்ட் போய் வருவது என்றால் என்ன என்று எனக்கே மறந்துபோனது இப்படித்தான்.

3

எனக்கு ஒரு மகள், யாழினி. பதினைந்து வயது. பொம்மை வயதில் இந்தச் சாமான்களை என்னோடு சேர்ந்து ஒட்டியவள். இப்போது அவள் அறையில் இருக்கும் சென்சாருக்கு ஒரு பழைய சாக்ஸை மாட்டிவிட்டிருக்கிறாள். ஏன் என்று கேட்டேன். "நான் ரூம்ல இருக்கனா இல்லையான்னு உன் செல் எதுக்குச் சொல்லணும்? கதவைத் தட்டிக் கேளு" என்றாள். சாமான்களோடு ஜெர்மனில்தான் பேசுவாள். என்னோடு பாதி. ஊரில் இருக்கும் அப்பாருவோடு, அதாவது தாத்தாவோடு, தமிழில் பேசும்போது "நீ சாப்ட்டியா?" என்பாள். எங்கள் அப்பா அங்கிருந்து, "சாப்ட்டனுங் கண்ணு, நீங்க சாப்ட்டீங்களா?" என்பார். எழுபத்தி இரண்டு வயது மனிதர் பதினைந்து வயதுப் பெண்ணுக்கு மரியாதையாக "ங்" போடுகிறார், அவள் அவருக்கு "நீ" போடுகிறாள். திருத்தித் திருத்தி நான் களைத்துவிட்டேன். அவர்கள் இரண்டு பேருக்கும் அது ஒரு குறையாகவே தெரியவில்லை.

ஊர் வீட்டில் மாடியில் அப்பாவும் அம்மாவும். கீழே அக்காவும் மச்சானும். கீழ் வீட்டின் முன்பக்கம் ஆறு தையல் மிஷின் போட்டு பவர் டேபிள் நடத்துகிறார்கள். ஓவர்லாக் மிஷினில் அக்கா, பேட்லாக் மிஷினில் மச்சான். பனியனுக்குக் கழுத்துப் பட்டி வைப்பதில் மச்சானை மிஞ்ச எங்கள் தெருவில் ஆளில்லை. பட்டியை இழுத்துப் பிடித்து வளைக்கிற வேலை முழுக்க வலது ஆள்காட்டி விரலில்தான் இருக்கிறது.

எங்கள் பக்கம் நல்ல தண்ணி எட்டு நாளைக்கோ பத்து நாளைக்கோ ஒருமுறை வரும். எந்த நேரம் என்று யாருக்கும் தெரியாது. வந்தால் தொட்டி நிரம்பும், மோட்டார் போட்டு மாடிக்கு ஏற்ற வேண்டும். அப்பா அதற்காகக் கல்யாணத்துக்குப் போகாமல் உட்கார்ந்திருக்கிறார். என் மாமன் வீட்டுச் சாவுக்கே பாதியில் எழுந்து வந்தார்.

இதற்கு ஒரு வழி செய்வோம் என்று இறங்கினேன். குழாயில் தண்ணீர் ஓடினால் தெரிந்துகொள்ள ஒரு சென்சார். மோட்டாரைப் போட ஒரு ரிலே. இரண்டையும் செல்லோடு இணைக்க ஒரு சின்னப் பெட்டி. இங்கே மேசைமேல் முழுதும் செய்து, மூன்று மாசம் ஓட்டிப் பார்த்து, லீவில் ஊருக்குப் போனபோது மாட்டினேன். சுவரில் இருக்கும் மோட்டார் சுவிட்சை யாராவது அணைத்துவிட்டால் ரிலேயும் செத்துவிடும். அதனால் அந்த சுவிட்சை ஆனில் வைத்து, மேலே கறுப்பு டேப் ஒட்டி, "தொடாதீங்க" என்று எழுதினேன்.

ஓடியது. அடேயப்பா, என்ன ஓட்டம். அப்பா போனில், "தம்பி, மோட்டாரு தன்னால ஓடறதப் பாக்கறதுக்குப் பக்கத்து ஊட்டுக்காரன் பொண்டாட்டி புள்ளையோட வந்துட்டான். டிக்கெட் போட்றலாமா?" என்றார். இரண்டு கல்யாணத்துக்குப் போய் முழுச் சாப்பாடு சாப்பிட்டு வந்தார்.

அதை ஃபைலாக எழுதி, என்னைப் போன்ற பைத்தியங்கள் கூடும் உங்கள் இணைய ஃபோரத்தில் போட்டேன். படம், ஒயர் வரைபடம், செட்டிங் எல்லாம் தமிழில். நான் எழுதியதிலேயே அதிகம் பேர் பாராட்டியது அதுதான். "அண்ணா, நீங்க தெய்வம்" என்று ஒருவர். சிங்கப்பூரிலிருந்து ஒருவர் அவர் அம்மாவுக்காகப் போட்டார். ஜெர்மன்காரன் ஒரு பேப்பரைக்கூட அங்கீகரிக்காத எலக்ட்ரீசியனைத் தமிழ்நாட்டில் தெய்வம் என்கிறார்கள். தலை கனத்தது. நீங்கள் முதல் பக்கத்தில் குத்தினீர்கள், இன்னும் கனத்தது.

மச்சான் மட்டும் அப்போதே ஒன்று கேட்டார். "மாப்ள, ஜெர்மனில இருந்து மோட்டாரு போடறீங்க, செரி. ஃபேனச் சுத்தி உடறதுக்கு ஆரு வருவா?"

நான் ஜோக் என்று நினைத்தேன்.

4

ஃபேனைச் சுற்றுவது என்றால் என்ன என்று ஊரில் மோட்டார் வைத்திருக்கிறவர்களுக்குத் தெரியும். பத்து நாள் சும்மா கிடக்கும் மோட்டார் இறுகிவிடும். சுவிட்சைப் போட்டால் சுற்றாது, "உம்"மென்று உறுமும். உடனே அணைத்துவிட்டு, பின்பக்கம் இருக்கும் ஃபேனைக் கையால் நாலு சுற்று சுற்றிவிட்டால் இளகும். அடிக்கடி சுற்ற வேண்டியிருப்பதால் ஃபேன் மூடியைக் கழற்றி எப்போதோ தூக்கிப் போட்டிருப்பார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். சின்ன வயதில் நானே நூறு தடவை சுற்றியிருக்கிறேன். ஃபைலில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

இன்னொன்று, ஃபேஸ் மாற்றுகிற திருகு. எங்கள் வீட்டுக்கு மூன்று ஃபேஸ் வருகிறது. ஒன்றில் கரண்ட் இல்லாவிட்டால் மாடிப்படி ஓரத்தில் இருக்கும் திருகைத் திருப்பி அடுத்த ஃபேஸுக்குப் போய்விடலாம். அப்பாவுக்கு அது கை வந்த கலை. வீட்டு ஃபேன் நின்றால் வியர்வை வருவதற்கு முன்னால் திருகிவிடுவார். ஃபைலில் அதைப் பற்றியும் ஒரு வரி இல்லை.

ஒரு சனிக்கிழமை. இங்கே மதியம் பன்னிரண்டு மணிக்குப் பக்கம், அங்கே சாயங்காலம் நாலரை. நானும் யாழினியும் கடையில் காலி பாட்டிலைப் போட்டால் காசு திருப்பித் தரும் மிஷின் முன்னால் வரிசையில் நிற்கிறோம். செல் அடித்தது. தண்ணீர் வந்தது. அடுத்து, மோட்டார் ஆன். ஒரு நிமிஷத்துக்குள், இணைப்பு இல்லை. இன்னும் கொஞ்சம் கழித்து, இணைப்பு வந்தது, மோட்டார் ஆன்.

நான் செல்லை யாழினியிடம் காட்டினேன். "பார்த்தியா? கரண்ட் போயிட்டு வந்திருக்கு. வந்ததும் தன்னால மறுபடி ஓட ஆரம்பிச்சிருச்சு. யாரும் தொடல."

அவள் "ம்" என்று சொல்லிவிட்டு பாட்டிலை உள்ளே தள்ளினாள்.

யாரும் தொடவில்லை என்று நான் சொன்ன அந்த நேரத்தில் கீழே நடந்தது இது. தண்ணீர் வந்தது, ரிலே மோட்டாரைப் போட்டது, மோட்டார் இறுகிக் கிடந்ததால் உறுமியது. சத்தம் கேட்டு மச்சான் மிஷினிலிருந்து எழுந்து போனார். சுவிட்சை அணைக்கப் போனவர் டேப்பைப் பார்த்தார். தொடவில்லை, நான் சொன்னதைக் கேட்டார். அந்த நேரம் பார்த்து அந்த ஃபேஸில் கரண்ட் போனது. உறுமல் நின்றது. நல்லதாகப் போயிற்று என்று ஃபேனில் கை வைத்துச் சுற்ற ஆரம்பித்தார். மாடியில் அப்பாவின் தலைக்கு மேல் ஃபேன் நின்றது. எழுந்து போய்த் திருகைத் திருப்பினார். என் ரிலே விழித்துக்கொண்டது. கரண்ட் போவதற்கு முன்னால் என்ன நிலையில் இருந்ததோ அதே நிலைக்குப் போ என்று நான் அதற்கு எழுதி வைத்திருந்தேன். மோட்டார் ஆன். மச்சான் அதற்குள் இறுக்கத்தை எடுத்துவிட்டிருந்தார்.

அக்காவின் போன் வந்தபோது எங்கள் முறை வந்து பாட்டிலெல்லாம் போட்டு முடித்திருந்தோம். அக்கா அழவில்லை. "டேய், மோட்டார நிறுத்துடா" என்றாள். அதுதான் முதல் வார்த்தை. மோட்டார் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் சுவிட்ச் இருக்கிறது, டேப்பைப் பார்த்து அவளும் தொடாமல் ஏழாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிற எனக்குப் போன் செய்கிறாள். எவ்வளவு பெரிய முட்டாள்தனத்தை மாட்டிவிட்டு வந்திருக்கிறேன் என்று அப்போது தெரிந்தது.

ஆள்காட்டி விரல் முதல் கணு வரை போனது. நடுவிரலில் ஆறு தையல். மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து மச்சான் பேசினார்.

"மாப்ள, வேலைக்குக் கை குடுக்கறேன்னு சொன்னீங்க. இப்ப எடுத்துட்டீங்களே."

மன்னிச்சுக்கங்க மச்சான் என்றேன்.

"உடுங்க மாப்ள. எம் மாமனாருக்கு, உங்கப்பாவுக்குத்தான் வருத்தம். நாந்தான் திருகினேன், நாந்தான் திருகினேன்னு சோறு திங்க மாட்டீங்கறாரு. அவருகிட்டப் பேசுங்க மொதல்ல. அப்பறம் ஒண்ணு. அதைப் போட்டீங்கல்ல, அந்த ஃபோரத்துல? அங்க இதையும் எழுதிப்போடுங்க. இன்னொருத்தன் கைய வெச்சுறப் போறான். எம்பட விரல் போட்டோ வேணும்னாலும் போட்டுக்கங்க. மூஞ்சி வேண்டாம், ஷேவிங் பண்ணல."

5

எழுதினேன். என் தப்பு என்ன, செட்டிங்கில் எந்த வரியை மாற்ற வேண்டும், சுவிட்சில் ஏன் டேப் ஒட்டக்கூடாது, எல்லாம். மச்சான் விரல் படத்தோடு. தலைப்பு: "என் ஃபைலைப் போட்டவர்கள் உடனே படிக்கவும்."

நாற்பது நிமிஷம் இருந்தது.

தனி மெசேஜில் வந்தீர்கள். "அண்ணா, படம் பயமுறுத்துகிறது. ஃபோரம் விதிகளுக்குப் பொருந்தவில்லை. இது உங்கள் குடும்ப விஷயம்."

படம் இல்லாமல் எழுதினேன். அழித்தீர்கள். காரணம்: ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பப் போடுவது. என் ஃபைலையாவது நானே திருத்துகிறேன் என்றேன். முதல் பக்கத்தில் குத்தியதை எழுதியவர் திருத்த முடியாது, அட்மின்தான் திருத்தலாம் என்றீர்கள். சரி, நீங்களே திருத்துங்கள் என்றேன். "பார்க்கலாம் அண்ணா. இப்போது ரிலே விற்கிற கம்பெனி ஒன்று ஃபோரத்துக்கு ஸ்பான்சராக வருகிறது. இந்த நேரத்தில் வேண்டாமே." மூன்றாவது முறை எழுதினேன். எனக்கு எழுதும் உரிமையை எடுத்துவிட்டீர்கள். ஃபைல் என் பேரோடு அங்கேயே இருக்கிறது, கீழே பாராட்டுகள் வந்துகொண்டிருக்கின்றன, என்னால் ஒரு "நன்றி, ஆனால்" கூடச் சொல்ல முடியாது.

ஜெர்மன் அலுவலகங்களைப் பற்றி மேலே கிண்டல் செய்தேன். ஒன்று சொல்கிறேன். அவர்கள் கடிதத்தின் கீழே எழுதியவரின் பேர் இருக்கும், போன் நம்பர் இருக்கும், இந்த முடிவு பிடிக்காவிட்டால் யாரிடம் எத்தனை நாளுக்குள் முறையிடலாம் என்று இருக்கும். பத்து வருஷமாக உங்கள் பேர் என்ன என்றே எங்களுக்குத் தெரியாது. "வெளிச்சம்" என்று ஒரு புனைபேர், ஒரு பல்பு படம்.

நான் அந்த நாட்களில் வீட்டில் கத்திக்கொண்டு திரிந்தேன். யாழினி கேட்டாள், "அப்பா, நீ ஃபோரத்துக்கு மூணு தடவை எழுதின. அப்பாருகிட்ட எத்தனை தடவை பேசின?"

ஒரு தடவை என்றேன்.

"நான் தினமும் பேசறேன். தாத்தா... அப்பாரு திருகைத் தொட மாட்டேங்கிறாரு. ஃபேன் நின்னா அப்படியே உக்காந்திருக்காரு. அது உனக்குத் தெரியுமா? உன் செல்லுல அது வராதா?"

வராது. அவள் தினமும் பேசுகிறாள் என்பதும் என் செல்லில் வரவில்லை. அன்றைக்கு அவரைக் கூப்பிட்டு முக்கால் மணி நேரம் பேசினேன். தப்பு உங்க திருகில் இல்லை அப்பா, என் எழுத்தில் என்று நாலு விதமாகச் சொன்னேன். "அதெல்லாம் செரி சாமி, திருகினது என்ற கைதான" என்றார். அடுத்த லீவில் போய் ரிலேயைக் கழற்றினேன், டேப்பைக் கிழித்தேன், ஃபேனுக்கு மூடி வாங்கிப் போட்டேன். அப்பா மறுபடி தண்ணிக்குக் காத்துக்கொண்டு வீட்டிலேயே இருக்கிறார். மச்சான் நடுவிரலால் பட்டி வைக்கப் பழகிக்கொண்டிருக்கிறார். கழுத்து வேலை முக்கால்வாசி இப்போது அக்காவிடம்.

6

விஷயம் இத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். உங்கள் பத்தாம் ஆண்டுச் செய்தி வந்த அதே வாரம் எனக்கு ஒரு போன். ஃபைலின் கடைசியில் என் நம்பரை நானே போட்டிருந்தேன், தெய்வமாக இருந்த காலத்தில்.

"ஏனுங், சிவக்குமாருங்களா? நாங் கணியூரிலிருந்து மல்லிகா பேசறனுங்க. தென்னந்தோப்பு வெச்சிருக்கறமுங்க. உங்க ஃபைலப் போட்டு மோட்டாரு ஜம்முனு ஓடுதுங்க. நீங்க மகராசனா இருக்கோணும்."

நான் உடனே கேட்டேன். "அம்மா, இப்ப மோட்டார் பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"ஏனுங், திருடனுங்களா? உங்களுக்கு அங்கிருந்தே தெரியுதுங்களா?"

"இல்லீங்கம்மா. ஆள் யாரும் கிட்டப் போக வேண்டாம்னு சொல்லுங்க. நீங்க செல்லை எடுங்க. நான் சொல்றதை மாத்துங்க."

அவர் வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். கடை ஆள் ஒருவரை வைத்து மாட்டியிருக்கிறார். செட்டிங்கில் உள்ளே போய், "கரண்ட் வந்ததும் என்ன செய்ய வேண்டும்" என்ற வரியைக் கண்டுபிடிக்க வைத்தேன். அதில் "முன்பு இருந்தபடி" என்று இருந்தது. என் கைவரிசை. "அணைந்தே இருக்கட்டும்" என்று மாற்றச் சொன்னேன். பிறகு மெயினை ஒருமுறை அணைத்து மறுபடி போடச் சொன்னேன்.

"போட்டாச்சுங்க. ஓடலீங்களே!"

"ஓடக்கூடாதுங்க."

"அப்பறம் இது எதுக்குங்க எனக்கு?"

நடந்ததைச் சொன்னேன், விரலையும் சொன்னேன். பிறகு சொன்னார். "எங்கூட்டுக்காரரு இன்னிக்குக் காலைலதானுங்க ஃபேனச் சுத்தி உட்டாரு."

அவர் சும்மா சொல்லவில்லை. குரல் மாறிவிட்டது.

"இதை அந்த ஃபோரத்துல போட்டிருக்க வேண்டீதுதானுங்க?"

"போட்டேன். எடுத்துட்டாங்க."

"ஆருங்க?"

"அட்மினுங்க."

"அவரு ஊட்ல மோட்டாரு இல்லீங்களா?"

எனக்குத் தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது. சுவிட்சில் டேப் ஒட்டியிருந்தால் பிய்த்துப் போடுங்கள் என்றேன். "இப்பவே பிச்சுப்போட்டுட்டுத்தானுங்க போனை வெக்கறேன்" என்றார். பிய்க்கிற சத்தம் எனக்குக் கேட்டது.

7

கணியூர் அம்மா போன் செய்தார், பிழைத்தார்கள். போன் செய்யாதவர்கள் எத்தனை பேர்? எனக்கு வழியில்லை. அந்த ஃபைலை யார் யார் இறக்கினார்கள் என்ற பட்டியல் ஃபோரத்தின் பின்பக்கத்தில் இருக்கிறது. அதைப் பார்க்கக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான். அவர்கள் எல்லோருக்கும் ஒரே மெசேஜை ஒரே அழுத்தலில் அனுப்பக்கூடியவரும் நீங்கள்தான். கேக் படத்தை அப்படித்தானே அனுப்பினீர்கள்?

தப்பு என்னுடையது. ஃபைலை எழுதியவன் நான். ஊர்க் கரண்டை மறந்துவிட்டு ஜெர்மன் மேசையில் வைத்துச் சோதித்தவன் நான். அதை மச்சானிடம் சொன்னேன், அப்பாவிடம் சொன்னேன், இப்போது இதைப் படிக்கிற அத்தனை பேரிடமும் சொல்கிறேன். என் பங்கை நீங்கள் சுமக்க வேண்டாம். ஆனால் எச்சரிக்கையை மூன்று முறை அழித்தது நீங்கள். அழித்த பிறகு "ஒரு கீறல்கூட இல்லை" என்று எழுதியதும் நீங்கள்.

ஆகவே கேட்கிறேன். "நம்ம ஊட்டு சுவிட்ச்" ஃபோரத்தின் அட்மின் அவர்களே, இதுவரை எத்தனை பேர் அந்த ஃபைலை இறக்கியிருக்கிறார்கள்? அவர்களில் எத்தனை பேருக்குச் சொன்னீர்கள்? ஒருவருக்கும் சொல்லவில்லை என்றால், எந்த நாளில் சொல்வீர்கள்? தனி மெசேஜ் அனுப்பாதீர்கள், திறக்க மாட்டேன். ஃபோரத்தின் முதல் பக்கத்தில், அந்த ஃபைலுக்கு நேர் மேலே, புனைபேரை எடுத்துவிட்டு, உங்கள் அப்பா அம்மா வைத்த பேரில், எல்லோரும் படிக்கும்படி பதில் எழுதுங்கள்.